குடியேறும் நாளில் வாடகை வீடு தயாராக இல்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாரியில் சாமான் ஏறியாகிவிட்டது. பழைய வீட்டுச் சாவியும் கைமாறிவிட்டது. புது வீட்டுக் கதவைத் திறந்தால் கூடத்தில் சிமென்ட் மூட்டை கிடக்கிறது, குளியலறையில் குழாய் இல்லை, சுவரில் பாதிப் பெயிண்ட். "ரெண்டே நாள் வேலைதான், நீங்க சாமானை இறக்குங்க" என்கிறார் வீட்டுக்காரர். அந்தப் பத்து நிமிடத்தில் நீங்கள் செய்வதைப் பொறுத்துத்தான் அடுத்த சில வாரங்களுக்கான செலவு யார் தலையில் விழும் என்பது அமையும்.

"வீடு தயாராக இல்லை" என்று எதையெல்லாம் சொல்லலாம்?

குறைகளை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். முதல் வகை, குடியிருக்கவே முடியாத நிலை: தண்ணீர் வரவில்லை, மின்சாரம் இல்லை, கழிப்பறை வேலை செய்யவில்லை, வெளிக்கதவு பூட்டவில்லை, கூரை ஒழுகுகிறது, பழைய குடித்தனக்காரர் உள்ளேயே இருக்கிறார். இரண்டாவது, இருக்கலாம், ஆனால் பேசிய வீடு முழுதாகக் கிடைக்கவில்லை: இரண்டு படுக்கையறையில் ஒன்றில் தச்சு வேலை, இரண்டு குளியலறையில் ஒன்று மூடியிருக்கிறது, சமையலறை அலமாரி வரவில்லை. மூன்றாவது, கண்ணுக்குப் பிடிக்காத குறை: சுவரில் கறை, கீறல் விழுந்த டைல்ஸ், துடைக்காத ஜன்னல்.

முதல் வகையில் வீட்டையே மறுக்கலாம். இரண்டாவதில் வாடகைக் குறைப்புக் கேட்கலாம். மூன்றாவதில் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே போவதே புத்திசாலித்தனம். சுவர்க் கறைக்காக ஒப்பந்தத்தை ரத்து செய்யப் போனால், உங்கள் பக்கம் இருக்கும் நியாயமும் சேர்ந்து பலவீனமாகிவிடும்.

சாவியை வாங்கிக்கொண்டு, பிறகு பேசிக்கொள்ளலாமா?

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். சாவி வெறும் இரும்பு இல்லை. அதை நீங்கள் வாங்கும் கணமே "வீட்டை ஒப்படைத்துவிட்டேன்" என்று சொல்ல வீட்டுக்காரருக்கு ஓர் ஆதாரம் கிடைக்கிறது. வாடகை அன்றே ஓடத் தொடங்கும். அதுவரை உங்களைக் குடிவைக்க அவசரப்பட்டவருக்கு அதன்பின் அவசரம் இருக்காது. வேலையாட்களும் அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள்.

"சாமானை மட்டும் ஓர் அறையில் போட்டுவிட்டுப் போகிறோம்" என்பதும் இதே கதைதான். பொருள் உள்ளே இருந்தால், வீட்டை அனுபவத்தில் எடுத்துக்கொண்டீர்கள் என்று வாதிட இடமுண்டு. போதாக்குறைக்கு, ஆட்கள் வந்துபோகும் வீட்டில் பெட்டி உடைந்தாலோ காணாமல் போனாலோ யார் பொறுப்பு என்பது தனிச் சண்டை. வேறு வழியே இல்லாமல் வைக்க நேர்ந்தால், லாரியை விட்டு இறக்குவதற்கு முன்பே வீட்டுக்காரருக்கு ஒரு வரி அனுப்பி "சரி" என்று பதில் வாங்குங்கள்: "பொருட்களைப் பாதுகாப்புக்காக மட்டும் வைக்கிறேன், இது வீட்டைப் பெற்றுக்கொண்டதாக ஆகாது, வாடகை வேலை முடிந்து சாவி தரும் நாளில் தொடங்கும்."

எனக்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன?

நான்கு. குடியேறும் தேதியை, வாடகை தொடங்கும் தேதியோடு சேர்த்துத் தள்ளிவைக்கலாம். குறைந்த வாடகையில், வேலைக்குக் கெடு வைத்துக் குடியேறலாம். வீட்டுக்காரரிடம் காலியாக உள்ள வேறொரு வீட்டிலோ, அவர் செலவில் வேறிடத்திலோ தற்காலிகமாகத் தங்கலாம். அல்லது ஒப்பந்தத்தை ரத்து செய்து கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்யும்: இன்னும் எத்தனை நாள் வேலை பாக்கி இருக்கிறது, இன்றிரவு உங்களுக்குத் தங்க இடம் இருக்கிறதா. இரண்டாவதுக்கு விடை இருந்தால் முதலாவதைப் பற்றி நிதானமாகப் பேசலாம். ஆகவே முதலில் படுக்க இடம், பிறகு பேரம்.

வாடகை எந்த நாளிலிருந்து கணக்கு? தாமதமான நாட்களை எப்படிக் கழிப்பது?

நியாயமான அளவுகோல், குடியிருக்கக்கூடிய வீட்டின் சாவி கைக்கு வந்த நாள். ஒப்பந்தத்தில் 1-ஆம் தேதி என்று இருந்து, வீடு 12-ஆம் தேதி கிடைத்தால், 11 நாள் வாடகை கழிய வேண்டும்.

நாள் வாடகையை மூன்று விதமாகக் கணக்கிடுகிறார்கள். மாத வாடகை 18,000 என்று வையுங்கள். 30-ஆல் வகுத்தால் நாளுக்கு 600. 31 நாள் மாதமென்று 31-ஆல் வகுத்தால் சுமார் 581. ஆண்டு வாடகையை 365-ஆல் வகுத்தால் சுமார் 592. 11 நாளுக்கு வித்தியாசம் பெரிதாக வராது; எந்த முறை என்று முன்கூட்டியே எழுதிவிட்டால் போதும்.

பலர் கவனிக்காதது இன்னொன்று. வாடகை தொடங்கும் நாள் நகர்ந்தால், ஒப்பந்தம் முடியும் நாளும், வாடகை உயரும் நாளும், "இத்தனை மாதம் காலி செய்யக்கூடாது" என்ற கட்டுப்பாடு முடியும் நாளும் சேர்ந்து நகர வேண்டும். இல்லாவிட்டால் 11 மாத ஒப்பந்தத்தில் பத்தரை மாதம்தான் இருப்பீர்கள்.

பழைய குடித்தனக்காரர் இன்னும் காலி செய்யவில்லை. அவரிடம் நான் பேசலாமா?

வேண்டாம். அவருக்கும் உங்களுக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை. அவரை வெளியேற்றுவது வீட்டுக்காரரின் வேலை. அவர் முறைப்படி வழக்குப் போட வேண்டிய நிலை வந்தால் அது வாரக்கணக்கில் முடியாது, மாதக்கணக்கில் இழுக்கும்.

வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பழையவர் காலி செய்யும் தேதியை எழுத்தில் கொடுத்திருக்கிறாரா? இருந்தால் சில நாள் காத்திருக்கலாம். "சொல்லியிருக்கார், போயிடுவார்" என்பதுதான் பதில் என்றால் அன்றைக்கே வேறு வீடு தேடத் தொடங்குங்கள்.

"இரண்டு நாளில் முடிந்துவிடும்" என்கிறார்கள். நம்பலாமா?

வேலையின் பெயரைக் கேட்டால் எத்தனை நாள் ஆகும் என்று நீங்களே சொல்லிவிடலாம். ஆள் வேகமாக வேலை செய்யலாம். சிமென்டும் பெயிண்டும் தம் நேரத்தை எடுத்துக்கொண்டே காயும்.

தண்ணீர் கலந்து அடிக்கும் எமல்ஷன் பெயிண்ட் ஓரிரு மணி நேரத்தில் தொடுமளவு உலரும். அடுத்த கோட்டுக்குச் சில மணி நேரம் விட வேண்டும். இரண்டு கோட் அடித்து மறுநாள் குடியேறுவது சாத்தியமே. ஆனால் முழு உறுதி பெற 2 முதல் 4 வாரம் ஆகும். அதுவரை அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பெயிண்ட் உரிந்து வரும். கதவு, ஜன்னலுக்கு அடிக்கும் எண்ணெய் எனாமலில் கோட்டுக்குக் கோட் ஏறத்தாழ ஒரு நாள் இடைவெளி வேண்டும். வாடையும் பல நாள் நிற்கும். புதிதாகப் பூசிய சுவர் என்றால் கதையே வேறு. பூச்சுக்கு ஒரு வாரமாவது தண்ணீர் அடித்து, பின்னர் நன்றாகக் காயவிட்டுத்தான் பெயிண்ட் அடிக்க வேண்டும். 28 நாள் என்பது வழக்கமான கணக்கு. ஈரத்தின் மேல் அவசரமாக அடித்தால் சில மாதங்களில் உப்புப் பூத்து உரியும். காலி செய்யும்போது அந்தப் பழி உங்கள் மேல் வராமலிருக்க, குடியேறும் நாளிலேயே படம் எடுத்து வைப்பது நல்லது.

குளியலறை டைல்ஸுக்கு, பசை பிடிக்க 24 மணி நேரம், இடுக்கு அடைத்த பிறகு தண்ணீர் படாமல் இன்னும் ஒரு நாளாவது. அடியில் நீர்க்கசிவுத் தடுப்பும் புதிதாகச் செய்திருந்தால், டைல்ஸ் பதிப்பதற்கு முன் 24 மணி நேரம் தண்ணீரைத் தேக்கிக் கீழ்த்தளத்தில் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். இதைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் ஆறு மாதம் கழித்து டைல்ஸை உடைக்கிறார்கள். ஆக, தரையைக் கொத்திப் போட்டிருக்கும் குளியலறையைக் காட்டி "ரெண்டு நாள்" என்றால் நம்பாதீர்கள். குறைந்தது ஒரு வாரம் என்று வைத்துக்கொண்டு உங்கள் ஏற்பாட்டைச் செய்யுங்கள்.

மின் இணைப்பு, தண்ணீர் இணைப்பு போன்றவை வெளி அலுவலகத்தின் கையில் இருப்பவை. விண்ணப்பம் கொடுத்த ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். ரசீது இல்லையென்றால் வேலை இன்னும் தொடங்கவில்லை என்று பொருள்.

வேலை நடக்கும்போதே பாதி வீட்டில் குடியேறலாமா?

ஒரு கழிப்பறை, ஒரு படுக்கையறை, சமைக்க ஓர் இடம், பூட்டும் கதவு ஆகிய நான்கும் முழுசாக இருந்தால் யோசிக்கலாம். கைக்குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இருந்தால் வேண்டாம். பழைய கட்டடங்களில் பெயிண்ட்டைச் சுரண்டும்போது வரும் தூசியில் ஈயம் இருக்கக்கூடும். தவழும் குழந்தைக்கு அது மிகவும் ஆபத்து.

குறைப்பு எவ்வளவு என்று பேசும்போது சதுர அடிக் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள். மூடிக்கிடக்கும் சமையலறை பரப்பில் வீட்டின் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஆனால் அது இல்லாமல் தினமும் வெளிச்சாப்பாடு. இருக்கும் ஒரே குளியலறை இல்லையென்றால் குறைப்பு என்ற பேச்சே தவறு. அந்த நாட்களுக்கு வாடகையே கிடையாது என்பதுதான் நிலைப்பாடாக இருக்க வேண்டும். வேலையாட்கள் எத்தனை மணிக்கு வருவார்கள், சாவி யாரிடம் இருக்கும், தூசியைக் கூட்டித் துடைப்பது யார் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.

வீட்டுக்காரருக்கு எப்படி எழுதுவது?

வாட்ஸ்அப் போதும், மின்னஞ்சல் இன்னும் நல்லது. போனில் பேசியிருந்தாலும் பேசியதை அன்றே எழுதி அனுப்புங்கள். ஒரு மாதிரி:

"வணக்கம். நம் ஒப்பந்தப்படி ஜூன் 1 அன்று வீட்டை ஒப்படைக்க வேண்டும். இன்று காலை 10 மணிக்கு வந்து பார்த்தபோது குளியலறையில் டைல்ஸ் வேலை முடியவில்லை, தண்ணீர் இணைப்பு இல்லை, சமையலறைத் தொட்டி பொருத்தப்படவில்லை. படங்கள் இணைத்துள்ளேன். இந்த நிலையில் குடியிருக்க முடியாது என்பதால் சாவியைப் பெறவில்லை. இவை முடிந்து சாவி தரும் நாளிலிருந்தே வாடகை தொடங்கும், ஒப்பந்தக் காலமும் அதற்கேற்ப நகரும் என்பதை உறுதி செய்யவும். ஜூன் 8-க்குள் வீடு கிடைக்காவிட்டால் ஒப்பந்தத்தை ரத்து செய்துகொள்கிறேன். செலுத்திய முன்பணத்தையும் முதல் மாத வாடகையையும் முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். நாளை மாலைக்குள் பதில் தரவும்."

இதில் கோபமே இல்லை என்பதைக் கவனியுங்கள். தேதி, நேரம், குறை, கோரிக்கை, கெடு. பின்னாளில் இதைப் படிக்கப் போகிறவர் ஒரு நீதிபதியாகவோ சமரசம் பேசுபவராகவோ இருக்கலாம். "ஏமாத்திட்டீங்க" என்ற வரி அவருக்கு எதையும் நிரூபிக்காது. படங்களைவிடக் கதவில் தொடங்கி ஒவ்வோர் அறையாக, வெட்டாமல் எடுத்த ஒரே வீடியோ வலுவானது. மின் மீட்டரின் எண்ணும் அதில் தெரியட்டும்.

விடுதி வாடகை, லாரிக் காத்திருப்புக் கட்டணம், சாமான் கிடங்குச் செலவு: இவற்றைக் கேட்க முடியுமா?

கேட்கலாம். தாமதத்தால் நேரடியாக விளைந்த, நியாயமான அளவில் செய்த செலவு என்று காட்ட வேண்டும். நடுத்தர விடுதியில் தங்கிய ரசீதுக்கு மதிப்பு உண்டு. நட்சத்திர ஓட்டல் ரசீதைப் பார்த்தால் எதிர்த்தரப்புக்குத்தான் கொண்டாட்டம். இழப்பைக் கட்டுக்குள் வைக்க நீங்களும் முயன்றிருக்க வேண்டும் என்று பெரும்பாலான நாட்டுச் சட்டங்கள் எதிர்பார்க்கின்றன. அந்த நாட்களுக்கு வீட்டு வாடகை கொடுக்காமல் மிச்சப்படுத்தியிருந்தால் அது கழிந்தே வரும். வீட்டுச் சாமான் காப்பீடு இருந்தால், இடம் மாறும் நாட்களும் வெளியில் வைத்த பொருட்களும் அதில் அடங்குமா என்று பாருங்கள்.

வீடு தயாராகாதவரை வாடகையைக் கொடுக்காமல் இருக்கலாமா?

சாவியே வாங்கவில்லை என்றால் கொடுக்க வேண்டிய அவசியம் பொதுவாக எழாது. குடியேறிவிட்டு நிறுத்துவது வேறு விஷயம். வாடகை பாக்கி என்று சொல்லி உங்களையே வெளியேற்ற அது வழிவிடும். அந்த நிலையில் கட்டிவிட்டு, "தாமத நாட்களுக்கான உரிமையை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன்" என்று பணம் அனுப்பும்போதே எழுதுங்கள். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

குழாயை நானே மாற்றிவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாமா?

முதலில் எழுத்தில் கேளுங்கள், நியாயமான அவகாசம் கொடுங்கள், அதன்பின் செய்யுங்கள். வேலைக்கு முன்பும் பின்பும் படம், கடை ரசீது, ஆளுக்குக் கொடுத்த கூலி ரசீது மூன்றும் இருக்கட்டும். பூட்டு, குழாய், பிளக் பாயிண்ட் வரைக்கும் சரி. சுவருக்குள் ஓடும் பைப், மின் ஒயரிங், எரிவாயு ஆகியவற்றைத் தொடாதீர்கள்.

சட்டம் யார் பக்கம்?

நாட்டுக்கு நாடு வேறுபடும். பழைய பிரிவினை ஒன்று சுவாரசியமானது. "ஆங்கில விதி"யின்படி, குறித்த நாளில் வீட்டைக் காலியாகக் கையில் கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை. "அமெரிக்க விதி"யின்படி, குடியிருக்கும் உரிமையைத் தந்தால் போதும். உள்ளே யாராவது இருந்தால் அவரை வெளியேற்றுவது புதிய குடித்தனக்காரரின் பாடு. பின்னாளில் அமெரிக்காவிலேயே பல மாநிலங்கள் இதைக் கைவிட்டன. 1972-இல் வந்த மாதிரி வாடகைச் சட்டம், வீடு கைக்கு வரும்வரை வாடகை ஓடாது என்கிறது. குறைந்தது 5 நாள் எழுத்து அறிவிப்புக் கொடுத்து ஒப்பந்தத்தை முறித்து முன்பணத்தைப் பெறலாம் என்றும் சொல்கிறது. அதைத் தழுவிய மாநிலங்கள் நாட்களை மாற்றிக்கொண்டிருக்கின்றன.

இந்தியாவில் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 108-ஆம் பிரிவு, குத்தகைக்கு எடுத்தவர் கேட்டால் சொத்தை அவர் வசம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. வீட்டுக்காரர் செய்ய வேண்டிய பழுதை, அறிவித்த பிறகும் நியாயமான காலத்தில் செய்யாவிட்டால், குடியிருப்பவர் செய்து வாடகையில் கழிக்கலாம் என்பதும் அதே பிரிவில் உண்டு. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுவே செல்லும். மாநில வாடகைச் சட்டங்களும் தனியாக உண்டு. ஜெர்மனியில் பயன்படுத்தும் தகுதி குறைந்தால் வாடகை சட்டப்படி தானாகவே குறைகிறது (குடிமைச் சட்டம் 536). குறித்த காலத்தில் வீடு கிடைக்காவிட்டால் உடனடியாக முறிக்கவும் இடமுண்டு (543). இங்கிலாந்தில் வீடு மனிதர் வசிக்கத் தகுதியாக இருக்க வேண்டும் என்ற 2018 சட்டம் 2019 மார்ச் 20 முதல் நடைமுறையில் இருக்கிறது.

எந்த நாடானாலும் ஒப்பந்தத்தில் "தற்போது உள்ள நிலையிலேயே" என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். அந்த மூன்று சொல் உங்கள் பேரத்தில் பாதியைத் தின்றுவிடும்.

ரத்து செய்கிறேன் என்றால் முன்பணத்தைத் தர மறுக்கிறார்.

வாய்மொழி ரத்து போதாது. கெடு முடிந்த மறுநாள், தொகையையும் வங்கிக் கணக்கையும் குறிப்பிட்டு, 7 அல்லது 14 நாள் கொடுத்து எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் வக்கீல் நோட்டீஸ், பிறகு உங்கள் ஊரில் உள்ள வாடகைத் தீர்ப்பாயம் அல்லது சிறு வழக்கு நீதிமன்றம். "தரகுப் பணம் திரும்பாது" என்பார் புரோக்கர். வீடு கிடைத்தால்தான் தரகு என்று முன்பே பேசியிருந்தால் மட்டுமே அங்கே வாதம் எடுபடும்.

பழைய வீட்டில் இன்னும் சில நாள் இருந்துகொள்ளலாமா?

அனுமதி வாங்காமல் இருக்காதீர்கள். காலக்கெடு தாண்டி இருப்பவர்களிடம் இரட்டை வாடகை கேட்கும் ஒப்பந்தங்களும் சட்டங்களும் உண்டு. நீங்கள் காலி செய்யாததால் அங்கே வரவிருப்பவருக்கும் இதே தொல்லைதான். முடிந்தால் பழைய வீட்டின் கடைசி நாளுக்கும் புது வீட்டின் முதல் நாளுக்கும் நடுவே 3 முதல் 5 நாள் இரண்டு வீடும் கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் போடும்போதே என்ன எழுதிவைக்கலாம்?

கீழ்க்கண்டது போல ஒரு பத்தி போதும்: "இணைப்பில் உள்ள வேலைகள் அனைத்தும் முடிந்து, தண்ணீரும் மின்சாரமும் இயங்கும் நிலையில் சாவி ஒப்படைக்கப்படும் நாளே வாடகை தொடங்கும் நாள். குறித்த தேதியிலிருந்து 7 நாளுக்கு மேல் தாமதமானால் வாடகைதாரர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். செலுத்திய முழுத் தொகையும் 5 நாளில் திருப்பித் தரப்படும்." இணைப்பில் "சிறு வேலைகள்" என்று எழுதவிடாதீர்கள். "பின் படுக்கையறை ஜன்னல் கொக்கி மாற்றுதல், சமையலறைக் குழாய் புதிது" என்று பெயர் சொல்லி எழுத வேண்டும்.

தயாராகிவிட்டது என்று கூப்பிட்டார்கள். சாவி வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

குடியேறுவதற்கு இரண்டு நாள் முன்பு, பகலில், லாரி இல்லாமல் போங்கள். எல்லாக் குழாயையும் ஐந்து நிமிடம் திறந்துவிடுங்கள். பூட்டிக்கிடந்த வீட்டில் தேங்கிய தண்ணீர் போய்விடும், வடிகால் அடைப்பும் தெரியும். கழிப்பறைகளைத் தொடர்ந்து இரண்டு முறை ஃப்ளஷ் செய்யுங்கள். எல்லாவற்றையும் மூடிவிட்டு அரை மணி நேரம் கழித்து தண்ணீர் மீட்டரைப் பாருங்கள்; ஓடினால் எங்கோ கசிவு. மின் பெட்டியில் கசிவுமின் துண்டிப்பான் (மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கும்; அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழவில்லையென்றால் மாற்றித் தரச் சொல்லுங்கள். ஒரு போன் சார்ஜரை எடுத்துப்போய் ஒவ்வொரு பிளக்கிலும் செருகிப் பாருங்கள். குளியலறையில் எரிவாயுவில் ஓடும் வாட்டர் ஹீட்டர் இருந்து, அதற்குப் புகை போகும் குழாய் இல்லையென்றால் அதை ஏற்கவே வேண்டாம். அந்தப் புகையில் வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

ஒவ்வொரு கதவையும் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் பூட்டித் திறந்து பாருங்கள். சாவி எத்தனை என்று எண்ணி, இன்னொரு செட் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். வேலையாட்கள் வாரக்கணக்கில் வந்துபோன வீடு என்றால், முன்கதவுப் பூட்டின் சிலிண்டரை மாற்றிய பிறகே சாமானை இறக்குங்கள்.